நிறையாத குழி

எங்கள் ஊருக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் நிலம் எத்தனை ஏக்கர் என்று சத்தமாகக் கேட்பார்கள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "குழி எப்படி?" என்பார்கள். கக்கூஸ் குழியைத்தான். கட்டி எத்தனை வருசம், நிறைந்துவிட்டதா, இல்லையா. நிறையாத குழி வைத்திருக்கிற வீடு நல்ல வீடு. நிறைந்துவிட்டால் ராமநாதபுரத்திலிருந்து லாரியைக் கூப்பிட வேண்டும். லாரிக்காரன் குழாயைப் போட்டு உறிஞ்சும்போது தெரு முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். அதோடு அந்த வீட்டு மானம் லாரியில் ஏறிப் போய்விடும்.

இந்த வகையில் ஊரிலேயே பெரிய மனிதர் சேதுராமன். மிளகாய்க் கொல்லை பன்னிரண்டு ஏக்கர், மேட்டில் மாடி வீடு, வெயிலோ மழையோ கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. ஊர்ச் சுகாதாரக் குழுவின் தலைவர். அந்தக் குழுவில் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் வீட்டுக் கழிப்பறைச் சுவரில் கருங்கல் பலகை ஒன்று பதித்திருந்தார்: 'நிறைவறியாக் குழி. 14 ஆண்டுகள்.' எழுத்தெல்லாம் கல்லில் வெட்டியது, எண் மட்டும் பெயின்ட். பொங்கலுக்குப் பொங்கல் மாற்றி எழுதுவார்.

போன ஆனி மாதம் ஊரில் பதினோரு பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வயிற்றாலே போயிற்று. நர்சம்மா வந்து, நல்ல தண்ணிக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், அதில் ஏதோ கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் மணலைத் தோண்டினால் மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. இருக்கிற நல்ல தண்ணீரிலும் ஏதோ கலந்தால் என்ன செய்வது? யார் கலந்தது?

கிணற்றுக்கு மேற்கே, மேட்டில், நாற்பது எட்டு நடையில் சேதுராமன் வீடு. கிழக்கே, பள்ளத்தில், முப்பது எட்டு நடையில் பூமயில் வீடு. பூமயில் சேதுராமனின் கொல்லையில் களை எடுக்கிறவள். புருசன் இல்லை. அவள் வீட்டுக் கக்கூஸ் அரசாங்கத் திட்டத்தில் கட்டியது. இரண்டு சின்னக் குழி. ஒன்று நிறைந்தால் அடைத்துவிட்டு அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும். பூமயிலின் முதல் குழி மூன்றே வருசத்தில் நிறைந்து, ஊர் சிரித்திருந்தது. ஊர் இப்போது சிரிக்காமல் அதே குழியைப் பார்த்தது. நிறைகிற குழிதானே கசியும்? மேட்டு வீட்டுப் பக்கம் யாருடைய கண்ணும் போகவில்லை. அங்கேதான் கல்வெட்டே இருக்கிறதே.

நாடக மேடையில் கூட்டம் போட்டார்கள். "வருகிற வெள்ளிக்கிழமை மேற்படி கழிப்பறையின் இரு குழிகளும் சிமெண்ட் இட்டு மூடப்படும்" என்று சேதுராமன் வாசித்தார். சிமெண்ட் மூட்டை இரண்டு அவர் உபயம். கைதட்டினார்கள்.

பூமயில் எழுந்து, "எம் மக வீட்டுக்கு வந்திருக்கா அய்யா. எட்டு மாசம்" என்றாள்.

"ஊர்ப் பிள்ளைகள் பதினோரு பேரு, பூமயிலு."

பூமயில் உட்கார்ந்துவிட்டாள். மகள் சுகந்தியை அக்காள்மடத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. ஆறாவது மாதம் அங்கே ஒருமுறை வழுக்கி விழுந்தவள். தலைப்பேற்றுக்கு அனுப்பும்போதே மாமியார் கேட்ட ஒரே கேள்வி: "கக்கூசு வீட்டுலயே இருக்கா, காட்டுக்குப் போகணுமா?" இருக்கிறது என்று தலைநிமிர்ந்து சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மூடினால், சனிக்கிழமை அந்தம்மா வேன் பிடித்துக்கொண்டு வந்து சுகந்தியைத் திரும்பக் கூட்டிப்போய்விடுவாள். இல்லாவிட்டால் நிறைமாசக்காரி இரண்டு பர்லாங் நடந்து கருவேலங்காட்டுக்குப் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை மாரிச்செல்வி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பரமக்குடிப் பெண். மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். முன்னால் நாற்பது பிளாஸ்டிக் குப்பி, பக்கவாட்டில் ஆளைவிட உயரமாக ஒரு பிவிசி குழாய். நெய்னா முகம்மது டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஒவ்வொரு வீட்டுக் குழியில இருந்தும் கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போகணும்ணே" என்றாள்.

நெய்னா முகம்மது டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றுவது நிற்கவே இல்லை. "எதைம்மா?"

"கசடுண்ணே. உள்ள கெடக்குறது."

"அதுல என்னம்மா இருக்கு எடுக்குறதுக்கு?"

"அது வீட்டுக்கு வீடு மாறும். தண்ணி எவ்வளவு, மண்ணு எவ்வளவு, எவ்வளவு மக்கியிருக்குன்னு தெரிஞ்சாத்தான் எப்படி அள்ளலாம், எப்படி உரமாக்கலாம்னு சொல்ல முடியும்."

உண்மையை இப்படிப் பட்டென்று சொல்லலாமா? பிறகு யார் நம்புவார்கள்? மத்தியானத்துக்குள் நான்கு கட்சி ஆகிவிட்டது. ரேசன் அட்டையில் எட்டுப் பேர் எழுதிவிட்டு ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டைப் பிடிக்க வந்திருக்கிறாள் என்றது ஒன்று. உச்சிப்புளிக் கப்பல்படைத் தளத்து ஹெலிகாப்டர் ஒன்று அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே போனதால், கப்பல்படை அனுப்பிய ஆள் என்றது இன்னொன்று. வெளிநாட்டுக்கு விற்கிறார்கள் என்றது மூன்றாவது. என்ன விலை என்று அதிலேயே ஒரு கிளை. நான்காவதுதான் பலமான கட்சி: எந்த வீட்டில் யார் தினமும் குடிக்கிறான் என்று அந்தக் குப்பி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆண்கள் குழி மூடி மேல் கல்லைத் தூக்கி வைத்தார்கள். அதைப் பார்த்த பெண்கள், ஆள் இல்லாத நேரம் பார்த்து மாரிச்செல்வியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். "வா பாப்பா. நல்லா ஆழமா விட்டு எடு. எந்தக் கடைச் சரக்குன்னும் வருமா?"

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு குப்பி நாடக மேடையில் வரிசையாக நின்றது. ஊர் பத்தடி தள்ளி நின்று பார்த்தது. ஒரே தெரு, ஒரே கொத்தனார், ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆனால் ஒரு குப்பி போல் இன்னொரு குப்பி இல்லை. ஒன்று தோசை மாவு. ஒன்று பாதிக்குப் பாதி கடற்கரை மணல்; அந்த வீட்டுக் குழி மூடியில் விரிசல். ஒன்றில் சாம்பு பாக்கெட், பிளேடு, ஒரு கம்மல் திருகாணி. நாலு வருசம் முன்னால் அந்தத் திருகாணி தொலைந்தபோது அந்த வீட்டு மருமகளைச் சந்தேகப்பட்டிருந்தார்கள். அவள் அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டு நேராக மாமியாரிடம் போனாள். தர்மராஜ் வீட்டில் ஏழு பேர். குழிக்குள் இரண்டு தவளை, வேறெதுவும் இல்லை. நிறைந்துவிடுமே என்று பயந்து ஏழு பேரும் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"உன்னுது ஏன்லே இம்புட்டுக் கருப்பா இருக்கு?"

"உன்னுது ஏன்லே இம்புட்டு வெளுப்பா இருக்கு? மொதல்ல அதச் சொல்லு."

சேதுராமன் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். "பாப்பா, இதெல்லாம் சில்லறை. கெணத்தைக் கெடுத்த குழி அங்கன, பூமயில் வீட்டுல இருக்கு. முறைப்படி எடுத்து, முறைப்படி எழுதிக் குடுத்திருங்க. வெள்ளிக்கிழமை நடவடிக்கைக்கு ஒரு அறிவியல் ஆதாரம் இருந்தா நல்லது. நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க. ஒரு குழி எப்படி இருக்கணும்னு பாக்கலாம்."

மாரிச்செல்வி அங்கிருந்து நேராகப் பூமயில் வீட்டுக்குப் போனபோது அவள் குழி மூடியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் ஈர்க்குமாறு.

"மேட்டு வீட்டய்யா அனுப்புன ஆளுதான நீ?"

"அவுகளை இப்பத்தான் மொதத் தடவையாப் பாத்தேன்."

"அப்படித்தான் சொல்லுவாக." பூமயில் நகரவில்லை. "இதை எடுத்துட்டுப் போயி என்ன செய்வ?"

"காய வைப்பேன். எடை போடுவேன். எரிச்சுப் பாப்பேன்."

"இதுக்கு எத்தன வருசம் படிச்ச?"

"ஆறு."

பூமயில் ஈர்க்குமாற்றைக் கீழே வைத்தாள். "பெத்தவுகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து மூடியை விட்டு விலகினாள். அது நம்பிக்கையால் அல்ல, பரிதாபத்தால்.

அடைத்து வைத்திருந்த பழைய குழியில் இருந்தது டீத்தூள் மாதிரி உதிரியாக வந்தது. வாடையே இல்லை. ஓடுகிற குழியில் இருந்தது கெட்டிச் சாந்து; சாம்பல் வாசம். தண்ணீரைக் கிணற்றில் இறைத்துக் குடத்தில் சுமந்து வருவதால் பூமயில் வீட்டில் ஆளுக்கு ஒரு சொம்புதான். ஊற்றிவிட்டு ஒரு கொட்டாங்கச்சி அடுப்புச் சாம்பல் போட வேண்டும். மாரிச்செல்வி வெள்ளைத் துணி சுற்றிய வேப்பங்குச்சியை ஓரமாக இறக்கி, துணியில் எதுவரை கறை, எதுவரை ஈரம் என்று பார்த்தாள்.

"நாலடிக் குழி. அடியில காஞ்ச மணலு. தண்ணி மட்டத்துக்கும் இதுக்கும் ரொம்ப தூரம். இது கெணத்துக்குப் போக வழியே இல்லக்கா."

"இதை வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி எழுதிக் குடுத்திருவியா?"

"எழுத்துல வர மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரத்துல எம் மகளுக்குப் பேறுகாலமே வந்துரும்" என்றாள் பூமயில். பிறகு குச்சியைக் கையில் வாங்கி, மாரிச்செல்வி செய்த மாதிரியே தானும் ஒருமுறை இறக்கிப் பார்த்தாள். "அந்தப் பழசை முருங்கைக்குப் போட்டேன். வெளிய சொல்லிறாத. மேட்டு வீட்டம்மாதான் காய் வாங்குறாக."

வியாழக்கிழமை காலை மேட்டு வீட்டில் பந்தல் போடாத குறை. நாற்காலி, மோர், வேடிக்கை பார்க்க ஊர். குழி மூடியைத் தூக்கக் கொத்தனார் முனீஸ்வரன். ஊரின் எல்லாக் குழியையும் கட்டியவர் அவர்தான். யார் கேட்டாலும் மேட்டு வீட்டுக் குழியைக் காட்டித்தான் வேலை பிடிப்பார். இன்றைக்கு என்னவோ யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

மூடி திறந்தது. மாரிச்செல்வியின் குழாய் எட்டவில்லை. இன்னொன்றைச் சேர்த்துக் கட்டி இறக்கினாள். குப்பியில் வந்து விழுந்தது ரசத்தின் தெளிவு.

"பாத்தீகளா?" சேதுராமன் ஊர்ப் பக்கம் திரும்பினார். "எவ்வளவு சுத்தம்!"

"எத்தனை அடிங்கய்யா?"

"பதினஞ்சு. ஊர்ல எவன் பதினஞ்சு போட்டிருக்கான்? குளிக்கிற தண்ணி, துணி மெஷின் தண்ணி, எட்டுப் பேரு தண்ணி, எல்லாம் இதுலதான். விட்டுக்கிட்டே இருங்க, நிறையாது."

"எங்க போகுது?"

"எங்க போகுதுன்னா? உள்ள போகுது."

"உள்ள போயி எங்கங்கய்யா?"

சேதுராமன் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்தார். "இது சாதாரணக் குழி இல்ல பாப்பா. உயிருள்ள குழி. ஐப்பசி கார்த்திகையில ஏறும். சித்திரையில இறங்கும். அப்படியே கெணறு மாதிரி."

வாசல் கேட்டுக்கு வெளியே நின்ற பூமயில் மட்டும் கேட்டாள். "கெணறு மாதிரியாய்யா?"

முதல் தடவையாக ஊரின் கண் கீழே, கிழக்கே, கிணற்றைப் பார்த்தது. பிறகு குழியைப் பார்த்தது. பிறகு மறுபடி கிணற்றை. நெய்னா முகம்மது கையில் வாங்கிய மோர் டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வைத்தார்கள்.

"சந்தேகம் வந்தா அளந்து பாத்துருவோம்" என்றாள் மாரிச்செல்வி. "கொத்தனாரண்ணே, டியூப் மட்டம் இருக்கா?"

வீடு கட்டும்போது இரண்டு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றிப் பிடிக்கிற நீளக் குழாய் அது. இந்தக் கோடியில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில்தான் அந்தக் கோடியிலும் நிற்கும். பஞ்சாயத்து பேசாது, முகம் பார்க்காது. முனீஸ்வரன் சைக்கிளில் எப்போதும் தொங்குவது. இன்றைக்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "இல்லையே" என்றார்.

"முனீசு." பக்கவாட்டுக் கதவிலிருந்து குரல். சேதுராமனின் மனைவி கனகலட்சுமி. வயிற்றாலே போன பதினோரு பிள்ளைகளில் ஒன்று அவள் பேத்தி. "எடுத்துப் பிடி."

இரண்டு தடவை குழாயைப் பிடித்து, நடுவில் ஒரு முளை அடித்து, மேட்டு வீட்டுக் குழியிலிருந்து கிணற்றுக்கு மட்டத்தைக் கொண்டு போனார்கள். கிணற்றில் கயிறு விட்டார்கள். குழியில் கயிறு விட்டார்கள். இரண்டு கயிற்றையும் மட்டத்துக்குச் சரியாகப் பிடித்துப் பார்த்தபோது ஈரம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. குழியில் இரண்டு விரல் உயரம்.

"ரெண்டும் ஒரே தண்ணி" என்றாள் மாரிச்செல்வி. "மேக்க இருந்து கெழக்க, கடலப் பாத்து நகருது. குழி அடி அந்தத் தண்ணிக்குள்ள நிக்கிது. இதுல விடுறது எல்லாம் அதுல கலந்து கெணத்து வழியாப் போகுது. அதான் நிறையல."

முனீஸ்வரன் குழாயைச் சுருட்டிக்கொண்டே மண்ணைப் பார்த்துப் பேசினார். "பதினோரு அடியிலயே ஊத்து கண்டுச்சு. அய்யாகிட்டச் சொன்னேன். இன்னும் நாலு சிமெண்டு உறை இறக்குடா, தண்ணி கண்ட குழிதான் நிறையாதுன்னாக. பதினாலு வருசமா நானும் அதைத்தான் எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருக்கேன்."

"பதினாலு வருசம்" என்றார் நெய்னா முகம்மது மெதுவாக. அவர் டீ போடுவது அந்தக் கிணற்றுத் தண்ணீரில். ஊர் குடிப்பது அந்த டீயை. கூட்டத்தில் ஓரிருவர் தொண்டையைத் தடவிக்கொண்டார்கள்.

சேதுராமன் தளரவில்லை. குடையால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். "ஒண்ணு கவனிக்கணும். இந்த அளவு என்ன நிரூபிக்குது? கெணத்துத் தண்ணி என் குழிக்குள்ள வந்திருக்குன்னுதான் நிரூபிக்குது. அத்துமீறல் கெணத்தோட பக்கம். ஊர் கூடி கெணத்து மேலதான் நடவடிக்கை எடுக்கணும்!"

ஒரு நிமிசம் ஊர் அதையும் யோசித்துப் பார்த்தது. அவ்வளவு பழக்கம்.

கனகலட்சுமி படியிறங்கி வந்தாள். "முனீசு, நாளைக்குப் போட வாங்கி வச்ச சிமெண்டு எங்கன இருக்கு?"

"மாட்டுக் கொட்டாயிலம்மா."

"எடுத்தாந்து இங்கன போடு. அடி வரைக்கும் மண்ணைத் தள்ளிட்டு மேல போடு. நாளைக்கு வேணாம், இப்பவே." புருசனைத் திரும்பியும் பார்க்காமல் கேட்டுக்கு வெளியே நின்றவளிடம் போனாள். "பூமயிலு, புதுசு கட்ட ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் நானும் பிள்ளைகளும் உங்க வீட்டுக்கு வரலாமா?"

பூமயில் இருபது வருசமாக அந்த வீட்டுக் கொல்லையில் களை எடுக்கிறவள். அந்த வீட்டுக் கழிப்பறையை வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள், கல்வெட்டு வரைக்கும். "ஆளுக்கு ஒரு சொம்புதாம்மா. சாம்பலு கட்டாயம் போடணும்."

"போடுறேன். அந்த முருங்கைக்கு நீ என்ன போடுறன்னு எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்."

சேதுராமன் பூமயில் வீட்டுப் பக்கம் வரவில்லை. அடுத்தவர் கழிப்பறைக்குப் போவது தலைவர் பதவிக்கு அழகல்ல என்று டீக்கடையில் அறிவித்துவிட்டு, விடியற்காலையில் குடையோடு கருவேலங்காட்டுக்கு நடந்தார். நாலு நாள் ஊர் எண்ணிக்கொண்டே இருந்தது. ஐந்தாவது நாளிலிருந்து அவரைக் காட்டுப் பாதையில் காணோம். ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுகிறார் என்றான் ஒருவன். அவருக்கு அது வருவதே நின்றுபோய்விட்டது என்றான் இன்னொருவன்.

மாரிச்செல்வி குப்பிகளோடு மதுரைக்குப் போயிருந்தாள். துணி சுற்றிய குச்சி பூமயிலிடம் இருந்தது. வாரம் ஒருமுறை இறக்கிப் பார்ப்பது பழகிவிட்டது. இந்த வாரம் இறக்கி எடுத்தவள் புருவத்தைச் சுருக்கினாள். கெட்டிச் சாந்தாக இருக்க வேண்டியது மோர் மாதிரி இருந்தது. துணியில் ஈரம் நாலு விரல் ஏறியிருந்தது. மேலே சாம்பலே இல்லாத ஒரு படலம்.

"யாரோ வாளி வாளியா ஊத்துறாக" என்றாள்.

"மேட்டு வீட்டம்மாவா?" சுகந்தி படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அவுக சொம்பைத் தாண்டுனதில்ல. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

மறுநாள் விடிந்ததும் பூமயில் கொல்லைப்பக்கத்து மணலைப் பார்த்தாள். பெரிய தோல் செருப்புத் தடம், வேலிப் படல் ஓரமாக வந்து, திரும்பிப் போயிருந்தது. தடத்துக்கு வலது பக்கத்தில், இரண்டு எட்டுக்கு ஒன்றாக, சின்ன வட்டமாக ஒரு ஓட்டை. குடைக் காம்பின் நுனி அளவுக்கு.

பூமயில் வாளியை எடுத்து வீட்டுக்குள் வைத்தாள். சொம்பில் தண்ணீர் நிறைத்து வைத்தாள். சாம்பல் டின்னைக் கண்ணில் படுகிற இடத்துக்கு நகர்த்தி, கொட்டாங்கச்சியை அதன் மேல் கவிழ்த்தாள்.

அடுத்த நாள் காலையில் சொம்பு காலியாக, கழுவிக் கவிழ்த்திருந்தது. குச்சியை இறக்கிப் பார்த்தாள். மேலே ஒரு கொட்டாங்கச்சி சாம்பல், ஒழுங்காகப் பரப்பியபடி. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. முதல் தடவை இல்லையா.

"யாரும்மா வாராக?" என்றாள் சுகந்தி உள்ளிருந்து.

"யாரா இருந்தா உனக்கென்ன. சாம்பலு போட்டிருக்காக."

தெரு எழுந்திருக்கும் முன்னால் ஈர்க்குமாற்றை எடுத்து மணலைக் கூட்டினாள். செருப்புத் தடம் போயிற்று. வட்ட ஓட்டைகளும் வரிசையாகத் தூர்ந்தன. வேலிப் படல் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் இருந்த கடைசி ஓட்டை வந்ததும் ஒரு கணம் நின்று யோசித்தாள்.

அதை மட்டும் கூட்டாமல் விட்டுவிட்டு, களை எடுக்க மேட்டு வீட்டுக் கொல்லைக்குக் கிளம்பினாள்.